அடிபட்ட புறொப்பெல்லர்: எதை அராவலாம், எதை மாற்ற வேண்டும்

கிழக்கே அளம்பில், செம்மலைக் கரைகளில் அலையோடு ஏறி இறங்கும் படகின் புறொப்பெல்லரை மணல் தின்னும். பிளேட்டின் ஓரம் கத்திபோல மெலிந்து, நுனி குட்டையாகும். கொக்கிளாய், நாயாறு முகத்துவாரங்களை மணல் மூடத் தொடங்கும் காலத்திலும் இதே பழுதுதான். மேற்கே நாச்சிக்குடா, இரணைதீவு, விடத்தல்தீவுப் பக்கம் கல்லும் சிறகுவலைக்கு நட்ட தடியும் எதிரி. அங்கே பிளேட் வளையும், உடையும். சிலவேளை வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே புறொப்பெல்லரை ஷாப்டோடு (அதைச் சுற்றும் தண்டோடு) பற்றவைக்கும் றப்பர் புஷ் கழன்றுவிடும். கீழே சொல்வதெல்லாம் 9.9 முதல் 40 குதிரைவலு வரையான எஞ்சின்களில் பூட்டும் மூன்று பிளேட் அலுமினியப் புறொப்பெல்லருக்கு.

கடலில் அடிபட்டால்

சத்தம் கேட்டதும் எஞ்சினை நிறுத்துங்கள். காற்று கரைப்பக்கமோ கல்லுப்பக்கமோ தள்ளினால் முதலில் நங்கூரம், பிறகு எஞ்சினைத் தூக்கிப் பார்ப்பது. மூன்று பிளேட்டும் இருக்கிறதா, ஷாப்ட் நேராக நிற்கிறதா, வலையோ கயிறோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப இயக்கியதும் கையில் நடுக்கம் தெரிந்தால், நடுக்கம் அடங்கும் வேகம் வரை குறைத்து அந்த வேகத்திலேயே கரைக்கு வாருங்கள். அந்த நடுக்கம் ஷாப்ட் வழியாக பெயரிங்குக்கும் ஒயில் சீலுக்கும் போகிறது. சீல் விட்டால் உப்புத்தண்ணீர் கியருக்குள் இறங்கும். புறொப்பெல்லரின் விலைக்குப் பயந்து நடுங்கும் எஞ்சினை ஒரு மாதம் ஓட்டினால், பிறகு கியர்ப் பெட்டிக்கே காசு கட்ட வேண்டி வரும்.

எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை, பிளேட்டுகளில் பழுதில்லை என்றால் புஷ் வழுக்குகிறது. மெதுவாக விட்டால் இழுக்கும், வேகம் கொடுத்தால் வழுக்கும். இரைச்சலைப் பார்த்து இன்னும் கைப்பிடியைத் திருக வேண்டாம். வழுக்கும் றப்பர் சூடாகி முழுதாகவே விட்டுவிடும். கரையில் உறுதிப்படுத்த, புறொப்பெல்லரின் உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயின்ற்றால் ஒரு நேர்க்கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் சந்தேகமே வேண்டாம்.

கழற்றுதல்

நிறுத்தும் சுவிச்சின் கயிற்றை எடுங்கள், பிளக் மூடிகளையும் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் புறொப்பெல்லரில் கை வைக்க வேண்டாம். கியரில் இருக்கும் எஞ்சின், புறொப்பெல்லரைக் கையால் திருப்பினாலே ஒரு சுற்றுப் பற்றிக்கொள்ளக் கூடும், விரல் போய்விடும்.

பிளேட்டுக்கும் அதற்கு மேலே உள்ள தட்டுக்கும் இடையில் ஒரு மரத்துண்டை வையுங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் கொட்டர் பின்னைக் குறட்டால் நிமிர்த்தி இழுத்து, நட்டைக் கழற்றுங்கள். வாசர், புறொப்பெல்லர், அதன் உட்பக்கத்தில் ஷாப்டில் இருக்கும் தடித்த வாசர் என்று வருகின்ற ஒழுங்கிலேயே ஒரு சீலையில் அடுக்குங்கள். அல்லது கழற்ற முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். உள்வாசரைத் தலைகீழாகப் பூட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

உப்பு பிடித்து இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு பிளேட்டுகள் சேரும் நடுக்குடத்தின் பின்னால் மரத்துண்டை வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். பிளேட்டில் சுத்தியல் படக் கூடாது, காஸ் சுவாலையும் கூடாது. உள்ளே இருப்பது றப்பர்.

கழற்றியதும் உள்வாசருக்குப் பின்னால், ஷாப்டைச் சுற்றிக் கவனமாகப் பாருங்கள். தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) அங்கேதான் ஒளிந்திருக்கும். பார்வைக்குப் பழைய கிறீஸ் போலத் தெரியும். நகத்தால் சுரண்டினால் உருகி இறுகிய வெள்ளை வளையமாகக் கழன்று வரும். சீலின் உதட்டை அறுப்பது இந்த வளையம். தங்கூசி இருந்தால் கியர் ஒயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் விட்ட தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஒயில் சீலை மாற்றி, எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட கியர் ஒயிலைப் புதிதாக விடாமல் கடலுக்குப் போகக் கூடாது.

சோதித்தல்

முதலில் ஷாப்ட். நியூற்றலில் வைத்து, ஒரு கம்பியை அதன் நுனிக்குப் பக்கத்தில் அசையாமல் கட்டி, ஷாப்டைக் கையால் சுற்றுங்கள். கம்பிக்கும் ஷாப்டுக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் ஷாப்ட் வளைந்துவிட்டது. புதுப் புறொப்பெல்லர் பூட்டினாலும் நடுக்கம் போகாது.

அடுத்தது வெடிப்பு. பிளேட் நடுக்குடத்தோடு சேரும் அடியைக் கழுவிக் காயவிட்டு, மண்ணெண்ணெய் பூசி 20 நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துக் கரும்பலகைச் சோக்கைத் தூளாக்கித் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிர்போல ஓர் ஈரக்கோடு எழும்பும். அடியில் அப்படிக் கோடு கண்டால் அந்தப் புறொப்பெல்லர் முடிந்தது. ஒட்டி ஓட்டினால், முழு வேகத்தில் பிளேட் பறக்கும்.

வளைவைப் பார்க்க, தட்டையான பலகையில் புறொப்பெல்லரை நிறுத்தி, நடுவிலிருந்து 8 சென்ரிமீற்றர் தள்ளி ஒவ்வொரு பிளேட்டின் ஓரமும் பலகையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளவுகோலால் எடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் 3 மில்லிமீற்றருக்கு மேல் விலகினால் வளைந்தது அதுதான்.

அராவுதல்

ஓரத்தில் 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த பல் விழுந்திருந்தால் வீட்டிலேயே அராவலாம். நல்ல பிளேட்டின் உருவத்தை மட்டையில் வரைந்து வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். அரைவட்ட அரத்தால் பல்லின் அடியை வளைவாக்குங்கள். கூரான மூலையில்தான் அடுத்த வெடிப்புத் தொடங்கும். பின் 120 இலக்க எமரித் தாள், கடைசியில் 240. ஒன்றில் நுனி குறைந்தால் மற்ற இரண்டிலும் அதே அளவு குறையுங்கள். ஆனால் இதற்கு எல்லை உண்டு. நுனி குட்டையாகக் குட்டையாக எஞ்சின் கூடச் சுற்றும், படகு அதற்கேற்ப ஓடாது, எண்ணெய் கூடக் குடிக்கும்.

வளைந்த அலுமினியத்தைப் பச்சையாகச் சுத்தியலால் அடித்து நிமிர்த்த வேண்டாம். நிமிர்ந்தது போலத் தெரியும், உள்ளே வெடித்திருக்கும். சூடாக்கிச் செய்வதிலும் ஆபத்து உண்டு: சுத்த அலுமினியமே 660 பாகை செல்சியசில் உருகும், புறொப்பெல்லரின் கலப்பு அலுமினியம் அதற்கும் முன்பே உருகத் தொடங்கும், உருகுமுன் இரும்பைப்போலச் சிவக்காது. நுனியில் சின்ன வளைவுக்குச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு மெதுவாகச் சூடுகாட்டலாம். சவர்க்காரக் கோடு கறுத்ததும் சுவாலையை எடுத்து, மரச் சுத்தியலால் தட்டுங்கள். நடுக்குடத்தை ஈரச் சீலையால் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டின் பாதிக்குக் கீழே வளைந்திருந்தாலோ துண்டு போயிருந்தாலோ ஆகன் வாயுவில் அலுமினியம் ஒட்டும் வேலைத்தளத்துக்குக் கொடுங்கள். புஷ்ஷைக் கழற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டு பிளேட்டில் துண்டு போயிருந்தால் ஒட்டும் கூலியைப் புதியதற்கு முதலாகப் போடுவதே எங்கள் கருத்து.

அராவியபின் துளைக்குள் நேரான கம்பி ஒன்றை இறுக்கமாக நடுவில் நிற்கும்படி செருகி, கம்பியின் இரு முனையையும் மட்டமான இரண்டு ஓரங்களில் வைத்து உருள விடுங்கள். எப்போதும் ஒரே பிளேட் கீழே வந்து நின்றால் அது பாரம். ஓரத்தைத் தொடாமல், நடுப்பரப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

புதியது வாங்கும்போது

9 1/4 × 9 என்பதுபோல இரண்டு எண்கள் குடத்திலோ பிளேட்டிலோ அடித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிச், அதாவது வழுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில். பிச் 1 அங்குலம் கூடினால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று குறையும். வலைப்பாரத்தோடு ஓடும் படகுக்குக் குறைந்த பிச்தான் சரி. பழையதைக் கையோடு கொண்டுபோய், ஷாப்டில் பூட்டும் துளையின் உட்பற்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். அளவு ஒன்றாக இருந்தும் பல் வேறாக இருக்கும்.

பூட்டும்போது ஷாப்டின் பற்கள் முழுவதும் தண்ணீர் தாங்கும் கிறீஸ். நட்டை இறுக்கியபின் கொட்டர் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி அல்ல. பழைய பின்னைத் திரும்பப் போட வேண்டாம். ஒரு மணிநேரம் ஓடியபின் நட்டையும் பின்னையும் பாருங்கள், மறுநாள் காலையில் கியர் ஒயிலையும்.

படகில் ஒரு பெட்டி எப்போதும் இருக்கட்டும்: பழைய நல்ல புறொப்பெல்லர் ஒன்று, நட்டு, வாசர், நான்கு கொட்டர் பின், குறடு, ஸ்பனர், கத்தி, மரத்துண்டு. குறட்டையும் ஸ்பனரையும் முழ நீளக் கயிற்றில் கட்டி வையுங்கள். கடலில் மாற்ற நேர்ந்தால் எஞ்சினைத் தூக்கி, புறொப்பெல்லருக்குக் கீழே ஒரு வலைத்துண்டை ஏணைபோலக் கட்டிவிட்டு நட்டில் கை வையுங்கள்.