பேரவைக்குப் போகும் சுகாதார ஆண்டறிக்கை: முதல்முறை தயாரிப்பவர்களுக்கு

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். சுகாதாரம் சார்ந்த ஓர் அரசு அமைப்பின் கணக்குப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "அண்ணே, ஆண்டறிக்கையை என் தலையில் கட்டிவிட்டார்கள். போன வருட ஃபைலை எடுத்துத் தேதியையும் எண்ணையும் மாற்றினால் போதும் என்கிறார்கள். அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

அவ்வளவு இல்லை. இந்த வேலையைப் பல வருடம் பார்த்துவிட்டு இப்போது கண்டனூரில் எங்கள் வளவில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குப் போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது முதல் ஆளுக்கு அடுத்த பொறுப்பில், இருந்தவர். ஊரில் இருக்கும் முதலாளிக்கு ஐந்தொகை, அதாவது வரவு செலவு நிலுவைக் கணக்குத் தாள், எழுதி அனுப்புவது அவர் பொறுப்பு. கடல் தாண்டிப் போன பணம் யாரிடம் நிற்கிறது, எவ்வளவு வசூலானது, எவ்வளவு வராது என்பதையெல்லாம் முதலாளி அந்தத் தாளை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். ஆண்டறிக்கையும் அதே தாள்தான். பணம் மக்களுடையது, முதலாளி இடத்தில் சட்டமன்றப் பேரவை இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதை எழுத வேண்டும், எதை விடக்கூடாது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், உங்கள் அமைப்பு எந்தச் சட்டத்தில் நிற்கிறது?

இதைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். சுகாதாரத்தில் இருக்கும் எல்லா அமைப்பும் ஒரே வகை இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் கம்பெனியாகப் பதிவானது. ஆகவே அதற்குக் கம்பெனிகள் சட்டம் 2013 பொருந்தும். மாநில அரசு பங்கு வைத்திருக்கும் அரசுக் கம்பெனியின் ஆண்டறிக்கையைச் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று அதன் 395-ம் பிரிவு சொல்கிறது. மாநில மனநல ஆணையம் வேறு வகை. அதை உருவாக்கிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-லேயே ஆண்டறிக்கை பற்றிய விதி இருக்கிறது. சங்கமாகப் பதிவான அமைப்புகள் பல உண்டு. அவற்றுக்குத் துணை விதிகளையும் மானிய ஆணையின் நிபந்தனைகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

துறையின் இயக்ககங்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை அரசின் அங்கங்கள். அவற்றின் ஆண்டு வேலை, துறைக்குப் பணம் கேட்டு அமைச்சர் பேரவையில் வைக்கும் மானியக் கோரிக்கை எண் 19-ன் கொள்கை விளக்கக் குறிப்பில் வரும். அந்தக் குறிப்பைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அமைப்பைப் பற்றி அமைச்சர் அதில் ஒரு எண் சொல்லியிருப்பார். நீங்கள் வேறு எண் சொன்னால் கேள்வி வரும்.

உங்கள் சட்டத்தின் அந்தப் பிரிவைப் பிரதி எடுத்து ஃபைலின் முதல் தாளாகக் கோத்துவிடுங்கள்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

கல்யாணத்துக்கு முகூர்த்த நாளை வைத்துக்கொண்டுதானே பின்னோக்கி எண்ணுகிறோம்? இதற்கும் அதுவே வழி. கம்பெனி வகை அமைப்பையே எடுத்துக்கொள்வோம். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஆண்டுப் பொதுக்கூட்டம் ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள் நடக்க வேண்டும். அங்கிருந்து மூன்று மாதத்துக்குள் ஆண்டறிக்கை தயாராக வேண்டும். அப்படியானால் டிசம்பர் கடைசி. தயாரானதும் கூடிய விரைவில் பேரவை முன் வைக்க வேண்டும்.

பொதுக்கூட்டத்துக்கு முன்னால் இருக்கும் நாட்களில்தான் நெருக்கடி. சிஏஜி என்று எல்லோரும் சொல்லும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நியமித்த ஆடிட்டர் முதலில் கணக்கைப் பார்ப்பார். அவருடைய தணிக்கை அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் சிஏஜி துணைத் தணிக்கை செய்து கருத்துரை தரலாம். செப்டம்பர் 30-லிருந்து 60 நாளைக் கழியுங்கள், ஜூலை முடிந்துவிடும். பொதுக்கூட்ட அறிவிப்புக்கும் அச்சுக்கும் கொஞ்சம் விட்டால், ஆடிட்டர் கையெழுத்து ஜூலை நடுவிலேயே வேண்டும். அதற்கு முன் நிர்வாகக் குழு கணக்கை ஏற்க வேண்டும். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் உங்கள் கையில் சும்மா இருக்கும் நாள் ஏறக்குறைய எதுவும் இல்லை. ஏப்ரல் முதல் வாரமே ஆரம்பிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பேரவை வருடம் முழுக்கக் கூடி இருப்பதில்லை. இரண்டு கூட்டத் தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதுதான் அரசியலமைப்பின் 174-வது பிரிவு. ஒரு தொடரை ஒரு வாரத்தில் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். எய்ம்ஸ் போல நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரும் நிறுவனங்களுக்கு, நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் அவை முன் வைக்க வேண்டும் என்ற வரையறை உண்டு. தாமதமானால் காரண விளக்கமும் சேர்த்து வைக்க வேண்டும். காரணம் எழுத நேர்ந்தால், "நிர்வாகக் காரணங்களால்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது என்று தேதியோடு எழுதுங்கள்.

விவரம் சேகரிப்பது

நான் அதிகம் கவலைப்படும் இடம் இதுதான். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் ரூபாய்க்குக் காட்டும் அக்கறையை ஆள் எண்ணிக்கைக்குக் காட்டுவதில்லை. ஆனால் அறிக்கையில் "பயனடைந்தோர்" என்று வரும் ஒவ்வொரு எண்ணும் எங்கோ ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் பதிவேட்டில் எழுதிய ஒரு பெயர்.

நிலையம், கிடங்கு என்று உங்களுக்கு எண் தரும் எல்லா அலகுகளுக்கும் ஒரே படிவம் அனுப்புங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே அது எந்தக் காலம், எந்தப் பதிவேடு, யார் எண்ணியது என்று எழுத இடம் விடுங்கள். இது இல்லாவிட்டால் பிறகு படாதபாடு படுவீர்கள்.

காலத்தை ஏன் கேட்கிறேன்? பணம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. டெங்கு, காசநோய் போன்ற நோய் எண்ணிக்கைகள் பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "இவ்வளவு செலவில் இவ்வளவு பேருக்குச் சிகிச்சை" என்று வகுத்துக் காட்டினால் அது தவறான கணக்கு. அட்டவணைத் தலைப்பிலேயே "நாட்காட்டி ஆண்டு" அல்லது "நிதியாண்டு" என்று போட்டுவிடுங்கள்.

அடுத்தது இடம். நம் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம். காரைக்குடியில் வாழ்க்கைப்பட்ட பெண், ஏழாம் மாதத்துக்கு மேல் தலைப்பிரசவத்துக்குத் திருமயத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறார். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்கியது சிவகங்கை மாவட்டம். குழந்தை பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம். பிறப்புப் பதிவு பிறந்த இடத்தில்தான் நடக்கும். இப்போது "பதிவு செய்த தாய்மார்கள் இத்தனை, பிரசவங்கள் இத்தனை" என்று சிவகங்கைக்கு மட்டும் எண் எடுத்தால், நடுவில் சில பேர் காணாமல் போனது போலத் தெரியும். யாரும் காணாமல் போகவில்லை, தாய்வீட்டில் இருக்கிறார்கள். இதை ஒரு அடிக்குறிப்பில் சொல்லாவிட்டால், படிக்கும் உறுப்பினர் அங்கே ஏதோ கோளாறு என்று நினைப்பார். அதில் நியாயமும் இருக்கிறது.

எழுதுவது

அமைப்பின் அறிமுகம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நிர்வாகக் குழு, நோக்கம், வருடத்தின் வேலை, ஆட்கள், நிதி, தணிக்கை என்று வழக்கமான வரிசையே போதும். வருடத்தின் வேலையைச் சொல்லும் பகுதிக்குத்தான் உழைப்பைப் போட வேண்டும்.

"மருந்து வழங்கலை மேம்படுத்த அனைத்து நடவடிக்கைகளும் மேற்கொள்ளப்பட்டன" என்று ஒரு வரி போன வருட அறிக்கையில் இருக்கும். அதற்கு முந்தின வருடத்திலும் இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: "பட்டியலில் உள்ள மருந்துகளில் 12 மருந்துகள், ஆண்டில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நாளுக்கு மேல் கிடங்கில் இல்லை. அவற்றில் 7-க்கு ஒப்பந்ததாரர் தாமதம் காரணம். 5-க்கு நம் தேவைக் கணிப்பே குறைவு." எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால் இரண்டாவது வகை வரியைப் படிப்பவருக்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். மேலதிகாரி, "இதை ஏன் போடுகிறீர்கள்?" என்பார். தணிக்கையில் எப்படியும் வரும், நாமே சொல்லிவிட்டால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எந்த எண்ணுக்கும் முந்தைய ஆண்டின் எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். முந்தைய ஆண்டில் அச்சான எண் பிறகு திருத்தப்பட்டிருந்தால், திருத்திய எண்ணைப் போட்டு, திருத்தியதாகக் குறிப்பும் எழுதுங்கள். ஓசைப்படாமல் மாற்றுவது கூடவே கூடாது.

ஒத்துப் பார்ப்பது

ஒரே எண் அறிக்கையில் நான்கு இடத்தில் வரும். முன்னுரை, அத்தியாயம், கணக்குக் குறிப்புகள், பின்னிணைப்பு. நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் அச்சடித்த பிரதிகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கிவிட்டன. மறுநாள் காலை தலைமைச் செயலகத்துக்குப் போக வேண்டும். சாயங்காலம் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது காலாவதியான மருந்துகளின் அட்டவணை கண்ணில் பட்டது. தமிழ்ப் பதிப்பில் தலைப்பு "ரூ. கோடியில்" என்று இருந்தது. ஆங்கிலப் பதிப்பில் இலட்சம். ஒரே சொல் பிழையில் இழப்பு நூறு மடங்காகியிருந்தது. எப்படி வந்தது என்று தேடினால், போன வருடக் கொள்முதல் அட்டவணையைப் பிரதி எடுத்து அதன் மேலேயே புது எண்களைத் தட்டியிருக்கிறோம். கொள்முதல் கோடியில்தான் இருக்கும். தலைப்பை மாற்ற மறந்துவிட்டோம். மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம் அது, என் கையெழுத்தும் இருந்தது.

அன்றிரவு திருத்தச் சீட்டு அடித்து, விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினோம். பசை காய்வதற்குள் மூடினால் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பிரதிகளை விரித்தபடி மேசை, நாற்காலி, தரை என்று எல்லா இடத்திலும் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். முடியும்போது இரவு ஒன்றரை மணி.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். போன வருட அட்டவணையின் மேல் தட்டுவதில்லை, வெற்றுப் படிவத்தில்தான் ஆரம்பிப்பேன். இன்னொன்று ஐயா செய்தது. பேரேட்டை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் அன்றாடக் கணக்கான சிட்டையில் விரல் வைத்துப் பார்ப்பார். அதே போல அச்சுப் பிரதியை ஒருவர் தலைப்பு, அலகு (இலட்சமா கோடியா), எண் என்று சத்தமாகப் படிக்க வேண்டும். மற்றவர் மூல ஆவணத்தில் சிவப்புப் பென்சிலால் குறியிட வேண்டும். தமிழையும் ஆங்கிலத்தையும் இப்படியே ஒத்துப் பாருங்கள். இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளை நாள் கணக்கிலேயே எழுதி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் தர மாட்டார்கள்.

தணிக்கைக் கருத்துரை

ஆடிட்டர் ஆட்சேபம் எழுதியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் நிர்வாகக் குழு தன் அறிக்கையில் விளக்கம் தர வேண்டும் என்பது கம்பெனிகள் சட்டத்தின் 134-வது பிரிவு. சிஏஜியின் கருத்துரையும் தணிக்கை அறிக்கையும் ஆண்டறிக்கையோடு சேர்ந்தே பேரவைக்குப் போக வேண்டும். இடப்பக்கம் ஆட்சேபம், வலப்பக்கம் பதில் என்று எதிரெதிரே வைத்தால் படிப்பவருக்குச் சுலபம். "குறித்துக்கொள்ளப்பட்டது" என்பது பதில் ஆகாது. என்ன செய்தீர்கள், எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுதுங்கள்.

அனுப்புவது

அமைப்பு நேரடியாகப் பேரவைச் செயலகத்துக்கு அனுப்பாது. கோட்டையில் இருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு அனுப்புவோம். அங்கே கோப்பு நகர்ந்து அமைச்சரின் ஒப்புதல் கிடைத்ததும், துறை அதைப் பேரவைச் செயலகத்துக்கு அனுப்பும். அமைச்சர்தான் பேரவை முன் வைப்பார். நம் மாநிலத்தில் மேலவை 1986-லேயே கலைந்துவிட்டதால் ஓர் அவைதான். எத்தனை பிரதி, எதில் யார் சான்றொப்பம் என்பதைச் சம்பந்தப்பட்ட பிரிவு அலுவலரிடம் அச்சுக்குக் கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்பில் தேடினால் சொல் கிடைக்க வேண்டும். ஸ்கேன் செய்த படமாகத் தராதீர்கள்.

வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஃபைலைக் கட்டி மேலே போட்டுவிட வேண்டாம். பேரவை முன் வைக்கப்பட்ட ஏடுகளை ஆராய ஒரு குழு இருக்கிறது. பொது நிறுவனங்கள் குழுவும் கேட்கலாம். இரண்டு வருடம் கழித்துக்கூடக் கேள்வி வரும். சிவப்புப் பென்சில் குறியிட்ட பிரதியையும் அலகுகளிலிருந்து வந்த படிவங்களையும் பத்திரமாக வைத்திருந்தால் அன்றைக்கே பதில் சொல்லலாம்.

அப்புறம் ஒரு வேலை, இது எந்த விதியிலும் இல்லை. படிவம் அனுப்பிய ஒவ்வொரு நிலையத்துக்கும் கிடங்குக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அவர்கள் எண் வரும் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்து. ஒருமுறை அப்படி அனுப்பியபோது ஒரு மருந்தாளுநர் போன் செய்தார். இருபது வருடமாக எண் அனுப்புகிறேன், அது எங்கே போகிறது என்று இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அதே உறையில் அடுத்த வருடப் படிவத்தையும் வைத்துவிடுங்கள். திரும்பி வர வேண்டிய நாள் ஏப்ரல் 15 என்று மேலே எழுதி.