உயர்தர ஆங்கிலக் கிரகித்தல்: ஒவ்வொரு விடைக்கும் ஒரு வசனம்

இலங்கையின் உயர்தரப் பரீட்சையில் பொது ஆங்கிலத்தின் புள்ளி, பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளியின் கணிப்பில் சேராது. அதனாலேயே மலையகத்தில் பல பிள்ளைகள் அந்த வினாத்தாளைக் கடைசி வாரம் வரை தொடுவதில்லை. ஆனால் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் எதற்குத் தெரிவானாலும் விரிவுரையும் பாடக்குறிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் பரீட்சை வேறு இருக்கிறது. இதற்கெல்லாம் அடித்தளம் வாசித்து விளங்கிக்கொள்வது, அதாவது கிரகித்தல். நல்ல வேளையாக, டியூஷன் இல்லாமல் வீட்டில் தனியாக இருந்தே தேறக்கூடிய பகுதியும் இதுதான். கட்டுரை எழுதினால் திருத்த ஒருவர் வேண்டும், பேசிப் பழக எதிரே ஒருவர் வேண்டும். கிரகித்தலில் விடை பந்திக்குள்ளேயே இருக்கிறது, தேடி எடுக்கும் முறை தெரிந்தால் போதும்.

கீழே சொல்லும் எல்லாமே ஒரே பழக்கத்துக்காகத்தான்: எழுதும் ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வசனத்தைப் பந்தியில் அடிக்கோடிட்டு, பக்கத்தில் கேள்வி இலக்கத்தைப் போடுவது. அடிக்கோடு போட முடியாத விடை ஊகம். சரியாக வந்திருந்தாலும் அதை ஊகமாகவே கணக்கில் எடுங்கள்.

எதை வைத்துப் பழகுவது

கடந்த கால வினாத்தாள்கள் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும், கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் கிடைக்கும். லயத்தில் சிக்னல் இல்லாவிட்டால், டவுனுக்குப் போகும் நாளில் மொத்தமாகப் போனில் இறக்கி வையுங்கள். புள்ளியிடும் திட்டம் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். எந்த விடையை ஏற்கிறார்கள், எதற்குப் பாதிப் புள்ளி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பந்திகளை மட்டுமாவது கடையில் பிரிண்ட் எடுங்கள். போன் திரையில் கோடு போட முடியாது, கோடு போடாமல் இந்தப் பயிற்சியும் இல்லை. பிரிண்டுக்கு வழியில்லை என்றால் ஆதார வசனத்தின் முதல் மூன்று சொற்களைக் கொப்பியில் எழுதலாம்.

மிக அண்மைய ஐந்து வருட வினாத்தாள்களை இப்போது திறக்க வேண்டாம். அவை கடைசி இரண்டு மாதங்களில் நேரம் பார்த்துச் செய்வதற்கு. பழையவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். அதுவும் கடினமென்றால் சாதாரண தரத்துப் பந்திகளுக்கு இறங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பந்தியின் முதல் நூறு சொற்களில் தெரியாத சொல் ஐந்துக்குள் இருந்தால் அது உங்கள் அளவு. பத்தைத் தாண்டினால் அந்தப் பந்தியை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். தெரியாத சொல் குவிந்த பந்தியில் அகராதி பார்க்கும் வேலைதான் நடக்கும், வாசிப்பு நடக்காது.

மலைநாட்டில் இருப்பவர்களுக்குக் கையருகே இன்னொரு நல்ல பாடம் இருக்கிறது: மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கை. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை என்று மாவட்டம் மாவட்டமாக மூன்று மொழியிலும் வரும். முதலில் ஆங்கிலத்தை வாசித்து விளங்கியதை எழுதுங்கள், பிறகு தமிழோடு ஒப்பிடுங்கள். மஞ்சள் நிற முதலாம் மட்ட எச்சரிக்கையின் சாரம் இதுதான்: கடந்த 24 மணித்தியாலத்தில் மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டதால், மழை தொடர்ந்தால் மண்சரிவு ஏற்படும் சாத்தியம் குறித்து அவதானமாக இருங்கள். இதில் மூன்று அடுக்கு உண்டு. மழை 75 மி.மீ. தாண்டியது நடந்து முடிந்த விடயம். மழை தொடர்வது நிபந்தனை. மண்சரிவு வெறும் சாத்தியம். இப்போது கேள்வி: ‘மண்சரிவு ஏற்பட்டுள்ளதா?’ ஆம் என்று எழுதினாலும் பிழை, இல்லை என்று எழுதினாலும் பிழை. அறிவித்தல் அதைச் சொல்லவே இல்லை. ஆங்கிலத்தில் நிபந்தனையைச் சொல்லும் ‘இஃப்’ வந்த இடத்தையும் நடந்து முடிந்ததைச் சொல்லும் ‘ஹேஸ்’ வந்த இடத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் இந்தக் கேள்வியில் விழமாட்டார்.

பந்தியில் இறங்குவது

தலைப்பைப் பாருங்கள். பிறகு கேள்விகளை ஒரு தடவை வாசியுங்கள், ஆனால் பல்தேர்வு விடைகளை இப்போது வாசிக்க வேண்டாம். பிழையான தெரிவுகளும் மனதில் பதிந்து, பந்தியை வாசிக்கும்போது அதில் இல்லாததை இருப்பதாகக் காட்டும். அடுத்து முழுப் பந்தியையும் நிற்காமல் ஒரு தடவை வாசியுங்கள். 300 சொல் பந்திக்கு மூன்று நிமிடம் போதும். தெரியாத சொல்லில் தரிக்காமல் தாண்டிப் போங்கள். முடிந்ததும் பந்திக்குள் வரும் ஒவ்வொரு பத்தியின் (பரகிராஃபின்) ஓரத்திலும் அது என்ன செய்கிறது என்று நாலைந்து சொல்லில், தமிழிலேயே, எழுதுங்கள்: ‘கோப்பி அழிந்த காரணம்’, ‘தேயிலையின் ஆரம்பம்’ என்கிற மாதிரி. பொருத்தமான தலைப்பு எது, பந்தியின் மையக் கருத்து எது என்று கேட்டால் இந்த ஓரக்குறிப்புகளே பாதி விடை. ஒரே ஒரு குறிப்புக்கு மட்டும் பொருந்தும் தலைப்பு மிகக் குறுகியது. பந்தியில் வராத விடயங்களையும் அணைத்துக்கொள்ளும் தலைப்பு மிக அகன்றது.

நம் பிள்ளைகள் இடறுவது அதிகமாக நீண்ட வசனத்தில்தான். தமிழில் பெயரைப் பற்றிய விவரமெல்லாம் பெயருக்கு முன்னால் வரும், வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் விவரம் பெயருக்குப் பின்னால் தொங்கும், முதன்மை வினை அதற்கும் அப்பால் எங்கோ நிற்கும். ஒரு வசனம் ‘த டிசீஸ்’ என்று தொடங்கி, ‘விச்’ போட்டு, 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதலில் காணப்பட்டது, காற்றில் பரவியது என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் ‘டிஸ்ட்ரோய்ட் கோஃபி’ என்று முடிகிறது என்று வையுங்கள். அவசரமாக வாசிப்பவர் ‘பரவியது’ என்பதையே முக்கிய செய்தியாக எடுத்துக்கொள்வார். பரிகாரம் எளிது: ‘விச்’, ‘ஹூ’, ‘தற்’ தொடங்கும் துண்டைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். இரண்டு காற்புள்ளிகளுக்கு இடையில் செருகிய துண்டையும் அப்படியே. மிஞ்சியதை வாசித்தால் ‘நோய் கோப்பியை அழித்தது’ என்ற எலும்பு தெரியும். முதல் மாதம் ஒரு பந்திக்கு மூன்று நீண்ட வசனங்களையாவது இப்படிப் பிரியுங்கள்.

செயப்பாட்டு வினையிலும் கவனம் வேண்டும். ‘டீ ரிப்ளேஸ்ட் கோஃபி’ என்றால் கோப்பி இருந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. நடுவில் ‘வாஸ்’, ‘பை’ என்ற இரண்டு சின்னச் சொற்கள் நுழைந்தால் எல்லாம் தலைகீழ். ‘அன்லெஸ்’, ‘ஓல்தோ’, ‘டெஸ்பைட்’, ‘ஹவெவர்’, ‘இன்ஸ்டெட்’, ‘ஹார்ட்லி’ ஆகியவற்றைக் கண்ட இடத்திலெல்லாம் வட்டமிடுங்கள். கருத்து அங்கேதான் திரும்புகிறது, வினாத்தாள் தயாரிப்பவரும் பெரும்பாலும் அங்கேதான் கேள்வியை வைப்பார்.

தெரிந்த விடயம் வந்தால் இன்னும் கவனம்

தேயிலையைப் பற்றிய பந்தி என்றால் தோட்டத்துப் பிள்ளைக்கு மனம் லேசாகிவிடும். வழுக்குவதும் அங்கேதான். ஒரு பந்தி இப்படிச் சொல்கிறது என்று வையுங்கள்: ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த வருடங்களில் கோப்பி வீழ்ச்சியடைய, தோட்டத்துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். கேள்வி: ‘கோப்பி நோய் காரணமாகவே டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். சரியா, பிழையா?’

பலர் ‘சரி’ என்று போடுவார்கள். கோப்பி அழிந்ததால் தேயிலை வந்தது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டது கைக்கு முந்திக்கொண்டு வருகிறது. பந்தியில் விரல் வைத்துப் பார்த்தால் டெய்லர் நட்டது நோய் தெரிவதற்கு இரண்டு வருடம் முன்பு. விடை பிழை. நோயின் காரணமாக மாறியவர்கள் மற்றத் தோட்டத்துரைமார். ஆட்களையும் வருடங்களையும் இடம் மாற்றிக் கேள்வி கேட்பது மிகச் சாதாரணமான உத்தி. எண் வந்தால் ஓரத்தில் சிறிய காலக்கோடு ஒன்றைப் போடுங்கள், பத்து விநாடி வேலை.

பல்தேர்வில் பிழையான தெரிவுகள் பெரும்பாலும் மூன்று சாதி. பந்தியின் சொற்களையே எடுத்துத் தொடர்பை மட்டும் மாற்றியது. உலகத்தில் உண்மை, ஆனால் பந்தியில் இல்லாதது. ‘ஒன்லி’, ‘ஓல்வேய்ஸ்’, ‘நெவர்’ போட்டு அளவுக்கு மீறிச் சொல்வது. சரியான தெரிவு பல நேரம் பந்தியின் சொல்லைத் தவிர்த்து வேறு சொல்லில் அதே கருத்தைச் சொல்லும். அதனால் ‘இந்தச் சொல் பந்தியில் இருக்கிறதே’ என்று தெரிவு செய்வது ஆபத்து.

‘தே’, ‘இற்’, ‘திஸ்’ எதைக் குறிக்கிறது என்று கேட்டால் முந்திய வசனத்துக்குப் போய், பொருந்தும் பெயரை அந்த இடத்தில் போட்டு வாசித்துப் பாருங்கள். ‘தே’ என்றால் பன்மை வேண்டும். ‘திஸ்’ சில நேரம் முந்திய வசனம் முழுவதையும் குறிக்கும். குறித்த பத்தியில் ஒத்த கருத்துச் சொல்லைக் கேட்டால், கேட்ட பத்திக்குள்ளேயே தேடி, பந்தியில் உள்ள அதே வடிவத்தில் எழுதுங்கள். கேட்டது பெயரா, வினையா, இறந்தகாலமா என்று பார்த்தாலே தேடும் இடம் பாதியாகக் குறையும்.

திருத்தும் நேரம்தான் படிக்கும் நேரம்

ஒரு பந்தி செய்ய இருபது நிமிடம் எடுத்தால் திருத்த நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு எட்டுப் பந்தி செய்து புள்ளியை மட்டும் கூட்டிப் பார்ப்பவரை விட, மூன்று செய்து அலசுபவர் சீக்கிரம் முன்னேறுவார். விடை பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் கொப்பியில் ஒரு எழுத்து போடுங்கள். சொல் தெரியாமல் பிழைத்தால் ‘சொ’. வசனம் குழம்பினால் ‘வ’. கேள்வியைத் தப்பாக வாசித்திருந்தால் ‘கே’. ஆதாரம் இல்லாமல் ஊகித்திருந்தால் ‘ஊ’. நேரம் போதாவிட்டால் ‘நே’. ஆதாரம் காட்ட முடியாமல் சரியாக வந்த விடைக்கும் ‘ஊ’ உண்டு.

ஆறு பந்தி முடிந்ததும் எழுத்துகளை எண்ணுங்கள். ‘வ’ கூடினால் அடைப்புக்குறிப் பயிற்சியைத் தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள். ‘கே’ கூடினால், கேள்வியில் உள்ள ‘நொட்’, ‘எக்செப்ட்’, ‘வை’, ‘ஹௌ’ ஆகியவற்றை வட்டமிட்ட பிறகே விடை தேடுவது என்று வையுங்கள். ‘ஏன்’ என்று கேட்டதற்கு ‘எப்படி’ என்று எழுதித் தோற்ற விடைகள் எத்தனையோ. ‘ஊ’ கூடினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ‘நே’ மட்டும் கூடினால் சந்தோசப்படலாம், அதற்கு மருந்து பழக்கம்தான்.

‘சொ’ கூடியவர்கள் செய்யும் பெரிய பிழை, பந்தியில் தெரியாத சொல்லையெல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது. அகராதியைத் திறக்க முன் கருத்தை ஊகித்து எழுதுங்கள், பிறகு சரி பாருங்கள். விடையைத் தடுத்த சொல், அல்லது வேறு பந்திகளிலும் திரும்பத் திரும்பக் கண்ட சொல், இவை மட்டும் கொப்பிக்குப் போகட்டும். ஒரு பந்திக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். சொல்லைத் தனியாக எழுதாமல் அது வந்த வசனத்தோடு எழுதுங்கள். பஸ்ஸில் போகும்போது வசனத்தை வாசித்துக் கருத்தைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து அதே பந்தியைக் கோடு போடாத பிரதியில் மறுபடி செய்யுங்கள். விடை ஞாபகம் இருந்தாலும் பரவாயில்லை, இந்த முறை பார்ப்பது ஆதார வசனத்தை எத்தனை விநாடியில் கண்டுபிடிக்கிறீர்கள் என்பதை.

ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதுபவர்களுக்கும் இதே முறைதான், நேரம்தான் நெருக்கும்: 60 நிமிடத்தில் மூன்று பந்தி, 40 கேள்வி. தாளில் எழுதும் பரீட்சையில் விடைகளை விடைத்தாளுக்கு மாற்றத் தனி நேரம் கிடையாது, நேரே அங்கேயே எழுத வேண்டும். இரண்டு சொல்லுக்கு மேற்படாமல் எழுதச் சொன்னால் மூன்றாவது சொல் விடையையே பிழையாக்கிவிடும். பிழைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, எனவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

கடைசி இரண்டு மாதங்களில், ஒதுக்கி வைத்த வினாத்தாள்களை எடுத்து, மணிக்கூட்டை முன்னால் வைத்து, முழு வினாத்தாளாகச் செய்யுங்கள். ஒரு கேள்வியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் ஓரத்தில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எழுதி முடித்த பிறகு ஐந்து நிமிடம் மிச்சம் வையுங்கள். அந்த ஐந்து நிமிடமும் பந்தியிலிருந்து எடுத்து எழுதிய பெயர்கள், வருடங்கள், சொற்களின் எழுத்துக்கூட்டலை ஒவ்வொன்றாகப் பந்தியோடு ஒப்பிடுவதற்கு.