ஆடியோ பிளகின் எழுதுவோர் தாமதக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலியின் உச்சம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் பிளகின் ஒன்றை எழுதுகிறீர்கள். உச்சம் வந்து சேரும் முன்பே ஒலியைத் தணிக்க வேண்டுமானால், உள்ளே வரும் ஒலியை 5 மில்லிசெகண்ட் பிடித்துவைத்து, பார்த்துவிட்டு, அப்புறம்தான் வெளியே விட முடியும். 48,000 சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு இத்தனை ஒலி மாதிரிகள்) அது 240 சாம்பிள். வேலைக்குத் தேவையான தாமதம் இது. ஹோஸ்ட்டிடம், அதாவது பிளகினை இயக்கும் இசைப்பதிவு மென்பொருளிடம், 240 என்று சரியாகச் சொல்லிவிட்டால், ரீப்பர், கியூபேஸ் போன்றவை மற்ற டிராக்குகளையும் அதே அளவு தள்ளி எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்திவிடும். சொல்லாமல் விட்டாலோ தப்பாகச் சொன்னாலோதான் சிக்கல்.

முதல் தவறு, அந்த 240-ஐ அப்படியே கோடில் எழுதிவைப்பது. 96,000-த்தில் அது 480 ஆக வேண்டும், 44,100-ல் 220.5 வரும். அரை சாம்பிளை எந்தப் பக்கம் முழுமையாக்கினாலும் சரி, டிலே லைனில் போட்ட எண்ணும் ஹோஸ்ட்டிடம் சொன்ன எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

தாமதம் மாறினால் ஹோஸ்ட்டுக்குத் தெரியப்படுத்த வேண்டும். ஆனால் முன்கூட்டிப் பார்க்கும் நேரத்தை மாற்றும் லுக்-அஹெட் குமிழைத் திருப்பத் திருப்பப் புதுப்புது எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால், ஹோஸ்ட் ஒவ்வொரு முறையும் கணக்கை மாற்றியமைக்கும். பாட்டு நடுவில் விக்கும். கிளாப் (CLAP) என்ற பிளகின் வடிவத்தில், பிளகின் ஓடிக்கொண்டிருக்கும்போது தாமதத்தை மாற்றவே அனுமதி இல்லை; மறுபடி தொடங்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குமிழின் அதிகபட்ச அளவையே நிரந்தரத் தாமதமாக அறிவித்து, மீதியை உள்ளே டிலே போட்டு நிரப்பிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது டிரை/வெட் கலவை. பதப்படுத்திய ஒலி தாமதமாக வருகிறது, மூல ஒலி நேராக வருகிறது, இரண்டையும் கூட்டுகிறோம். வித்தியாசம் வெறும் 1 மில்லிசெகண்ட், அதாவது 48 சாம்பிள் என்று வையுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். ஸ்னேர் டிரம் குழாய்க்குள் அடித்த மாதிரி கேட்கும். பயனர் உங்கள் கம்ப்ரெஸரைத்தான் குறை சொல்வார். மூல ஒலியையும் அதே அளவு பிடித்துவைத்துக் கூட்டுங்கள். பிளகினின் வேலையை நிறுத்திவைக்கும் பைபாஸுக்கும் இதே விதி: பைபாஸை அழுத்தினாலும் 240 சாம்பிள் தாமதம் அப்படியே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்த டிராக் மட்டும் முன்னால் தாவும்.

சாம்பிள் ரேட்டை உள்ளே உயர்த்திக் கணக்கிடும் ஓவர்சாம்பிளிங்கின் ஃபில்டரும் தாமதம் சேர்க்கும், பெரும்பாலும் பின்னத்தில். வி.எஸ்.டி.3 என்ற பிளகின் வடிவம் முழு எண்ணை மட்டுமே வாங்கும். குறையும் பின்னத்தை நீங்களே சேர்த்து முழு எண்ணாக்கிவிடுங்கள்.

சின்தசைசர் எழுதுவோர் செய்யும் தவறு வேறு. ஒவ்வொரு மிடி நோட்டும், ஹோஸ்ட் ஒரு தடவைக்குக் கையாளச் சொல்லும் ஒலித்துண்டான பிளாக்கில் எந்தச் சாம்பிளில் வருகிறது என்ற விவரத்தோடுதான் வரும். அதைப் பார்க்காமல் எல்லா நோட்டையும் பிளாக்கின் தொடக்கத்தில் ஒலிக்கவிட்டால், 48,000-த்தில் 512 சாம்பிள் பிளாக்கில் கிட்டத்தட்ட 10.7 மில்லிசெகண்ட் வரை இடம் மாறும். எல்லா நோட்டும் ஒரே அளவு மாறினாலாவது சமாளிக்கலாம். இது நோட்டுக்கு நோட்டு மாறும், ஹை-ஹாட் தள்ளாடும். நோட்டு வரும் இடத்தில் பிளாக்கை வெட்டி, துண்டு துண்டாக ஒலியை உருவாக்குங்கள்.

பாட்டின் டெம்போவோடு ஓடி ஒலியை மெல்ல அசைக்கும் எல்.எஃப்.ஓ.வுக்குக் கணினிக் கடிகாரத்தைத் தொடவே கூடாது. பாட்டை ஏற்றுமதி செய்யும்போது ஹோஸ்ட் நிஜ நேரத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். ஹோஸ்ட் தரும் பிளேஹெட் இடத்தையே (பாட்டு இப்போது எங்கே ஓடுகிறது என்பதை) நம்புங்கள். லூப் திரும்பும்போது அது பின்னால் தாவும், அதற்கும் தயாராக இருங்கள்.

பாடகர் ஹெட்போனில் தன் குரலைக் கேட்டபடி பாடும்போது இந்த ஈடுகட்டல் எதுவும் உதவாது; இன்னும் வராத ஒலியை எந்த ஹோஸ்ட்டாலும் முன்னால் இழுக்க முடியாது. லீனியர் ஃபேஸ் ஈக்வலைஸரில் 4097 டேப் (பெருக்கெண்) கொண்ட ஃபில்டர் போட்டால் 2048 சாம்பிள், 48,000-த்தில் ஏறக்குறைய 43 மில்லிசெகண்ட். அதை வைத்துக்கொண்டு யாரும் பாட மாட்டார்கள். தாமதமே இல்லாத இன்னொரு மோடையும் கொடுத்துவிடுங்கள்.

சோதிப்பது எளிது. ஒரே கிளிப்பை இரண்டு டிராக்கில் போட்டு, ஒன்றின் ஃபேஸைத் திருப்பி, மற்றதில் உங்கள் பிளகினை எதையும் மாற்றாத நிலையில் வையுங்கள். முழு நிசப்தம் வர வேண்டும். பைபாஸிலும் அப்படியே. 44,100, 48,000, 96,000 மூன்றிலும் பாருங்கள். 37 சாம்பிள் போன்ற ஒழுங்கில்லாத பிளாக் அளவிலும் பாருங்கள், ஏனென்றால் எஃப்.எல். ஸ்டூடியோ போன்ற ஹோஸ்ட்டுகள் ஒரே அளவில் அனுப்புவதில்லை.