அத்தைக்குக் கணினி சொல்லிக்கொடுத்த வரிசை

22 வருடம் தட்டச்சுப் பொறியில் வேலை பார்த்துவிட்டுக் கணினிக்கு வந்தவள் நான். வந்த முதல் மாதமே 9 பக்க அறிக்கை ஒன்றை அடித்து முடித்து, கடைசிப் பத்தியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது ஒரு எழுத்துகூட இல்லை. பொறியில் அடித்த எழுத்து அடித்த நொடியிலேயே தாளில் ஏறிவிடும். திரையில் தெரியும் எழுத்து இன்னும் எங்கேயும் ஏறவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

போன வருடம் என் அத்தை, 67 வயது, "எனக்கும் சொல்லிக்கொடும்மா" என்று வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் இருக்கும் கணினியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள். கற்றுக்கொள்பவரின் கையிலிருந்து மவுஸை வாங்காதீர்கள். "இங்கே கொடுங்க, நான் காட்டறேன்" என்று நாம் நாலு கிளிக்கில் முடித்துவிட்டால் அவருக்கு ஒன்றுமே நிற்காது. வாயால் சொல்லுங்கள், அவர் தேடட்டும். அத்தை ஒரு பொத்தானைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வார். அந்த ஒரு நிமிடத்தில்தான் திரையில் எது எங்கே இருக்கிறது என்று அவர் கண்ணுக்குப் பழகியது.

முதல் இரண்டு நாள் மவுஸ் மட்டும் போதும். மவுஸைப் பிடிக்கும்போது மணிக்கட்டு மேசையில் லேசாகப் படிந்திருக்கட்டும், விரல்கள் இறுகக் கூடாது. 1964இல் டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவினர் செய்த முதல் மவுஸ், மரப்பெட்டிக்கு அடியில் இரண்டு சக்கரமும் மேலே ஒரே ஒரு பொத்தானும் கொண்டது. இன்று பொத்தான் இரண்டு, நடுவில் ஒரு சக்கரம். இடது பொத்தான் தேர்ந்தெடுக்கும், வலது பொத்தான் "இதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்" என்று ஒரு பட்டியல் காட்டும், சக்கரம் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்.

புதியவர்களைப் படுத்துவது இரட்டைக் கிளிக். அத்தை வேகமாகத்தான் இரண்டு முறை அழுத்தினார், ஆனால் எதுவும் திறக்கவில்லை. கையைக் கவனித்தேன். முதல் அழுத்தலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் மவுஸ் ஒரு நூலளவு நகர்ந்துவிடுகிறது. அதற்கு வழி எளிது: படத்தின் மேல் ஒரே ஒரு கிளிக், பிறகு விசைப்பலகையில் என்டர். அதே வேலை நடக்கும். இரட்டைக் கிளிக் ஒரு வாரத்தில் தானாக வந்துவிடும். அம்புக்குறி ஓடி ஒளிகிறது என்று தோன்றினால், செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய் வேகத்தைக் குறையுங்கள்.

இழுத்துப் போடும் பழக்கத்துக்குச் சீட்டாட்டம் நல்லது. 1990இல் விண்டோஸ் 3.0 வந்தபோதே சாலிடேர் அதில் இருந்தது. ஆட்டம் பிடிக்காதவர்கள் பெயின்ட் நிரலைத் திறந்து மவுஸால் தங்கள் பெயரை எழுதிப் பார்க்கலாம். அத்தை முதல் நாள் எழுதிய "ச" கோணல்மாணலாக வந்தது. மூன்றாம் நாள் எழுதியதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"தெரியாம எதையாவது அமுக்கி மிஷின் கெட்டுப்போயிட்டா?" என்று அத்தை அடிக்கடி கேட்டார். விசைகளை அழுத்துவதால் இயந்திரம் கெட்டுப்போகாது. எழுதியது அழியலாம், அதற்கு மருந்து உண்டு. கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இசட்டைத் தட்டினால், கடைசியாகச் செய்த மாற்றம் திரும்பிப் போகும். இன்னொரு முறை தட்டினால் அதற்கும் முந்தையது. அத்தையை ஒரு பத்தி அடிக்கச் சொல்லி, முழுவதையும் அழிக்கச் சொல்லி, கன்ட்ரோல் இசட்டால் மீட்கச் சொன்னேன். ஐந்தாறு முறை இதையே செய்தோம். தேவையில்லாத பட்டியல் ஏதாவது திறந்து நின்றால் விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள எஸ்கேப். இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். மற்ற எல்லாவற்றையும் அதற்கப்புறம் சொல்லிக்கொடுங்கள்.

விசைப்பலகையில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்கள் இரண்டும் அங்கே தங்க வேண்டும். ஷிஃப்ட் என்ற பெயர் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. 1878இல் வந்த ரெமிங்டன் பொறியில் அந்த விசைதான் பெரிய எழுத்துக்காக உருளையை இடம் மாற்றிக் கொடுத்தது. பேக்ஸ்பேஸ் இடப்பக்கம் உள்ளதை அழிக்கும், டெலீட் வலப்பக்கம் உள்ளதை. கடவுச்சொல் சரியாக அடித்தும் ஏற்கவில்லை என்றால் முதலில் கேப்ஸ் லாக் எரிகிறதா என்று பாருங்கள்.

என்னைப் போலத் தட்டச்சிலிருந்து வருகிறவர்கள் ஒரு பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டக் கூடாது. வரி தானாகவே மடங்கும். என்டர் பத்தி முடியும்போது மட்டும்தான். மீறித் தட்டினால், நடுவில் ஒரு சொல் சேர்த்த உடனே வரிகள் அரையும் குறையுமாக உடைந்து நிற்கும்.

இப்போது சேமிப்பு. ஒரு வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்குங்கள் என்பேன்.

நாம் அடிப்பது முதலில் ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் நிற்கிறது. மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு ஆயுள். சேமித்த பிறகுதான் அது வட்டில் ஏறுகிறது, அங்கே மின்சாரம் போனாலும் இருக்கும். இன்றைய நிரல்கள் சில தாமாகவே அவ்வப்போது ஒரு பிரதி எடுத்துவைக்கின்றன. அதை நம்பி உட்காராதீர்கள். ஒரு பத்தி முடிந்தால் கன்ட்ரோல் எஸ், எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் கன்ட்ரோல் எஸ்.

முதல் முறை கன்ட்ரோல் எஸ் தட்டும்போது ஒரு பெட்டி திறக்கும். பெரும்பாலோர் அதைப் படிக்காமலே சேவ் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். மறுநாள் "நேற்று அடித்ததைக் காணோம்" என்கிறார்கள். கோப்பு காணாமல் போகவில்லை, எங்கே வைத்தோம் என்று பார்க்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி கேட்பது இரண்டே கேள்விதான்: என்ன பெயர், எந்த இடம்? இரண்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள். டாக்குமென்ட்ஸ் என்ற இடத்துக்குள் உங்கள் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி, முதல் மாதம் எல்லாவற்றையும் அதிலேயே போடுங்கள்.

பெயர் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். "கடிதம்", "புதுசு", "கடைசி" என்றெல்லாம் வைத்தால் ஆறு மாதத்தில் எது எதுவென்று தெரியாது. வருடம், மாதம், தேதி, பிறகு விஷயம்: 2025-03-14 வாடகைக் கடிதம். வருடத்தில் தொடங்கினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். 14/03/2025 என்று வைக்க முயன்றால் விண்டோஸ் ஏற்காது, சாய்கோடு கோப்புப் பெயரில் வரக் கூடாத குறி.

பயிற்சி இதுதான். இரண்டு வரி அடித்து, சேமித்து, நிரலை மூடிவிடுங்கள். விண்டோஸ் விசையோடு இ தட்டினால் கோப்புகளைக் காட்டும் சாளரம் திறக்கும். அதில் நீங்களே நடந்துபோய் உங்கள் கோப்பைக் கண்டுபிடித்துத் திறக்க வேண்டும். தினம் மூன்று முறை. அத்தை நாலாவது நாள் என்னைக் கேட்காமலே கண்டுபிடித்தார். இணையத்திலிருந்து இறக்கியவை வழக்கமாக டவுன்லோட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். அதையும் அப்போதே காட்டிவிடுங்கள்.

அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், அங்கிருந்து மீட்கலாம். ஆனால் பென் டிரைவிலிருந்து அழித்தால் பொதுவாக அங்கே போகாமல் நேரே மறைந்துவிடும். இது தெரியாமல் புகைப்படங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முக்கியமானவற்றுக்கு இரண்டு இடத்தில் பிரதி வேண்டும்.

இணையம் பற்றிச் சுருக்கமாக ஒன்று. "உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை முழுக்கச் சிவப்பாக வந்தால் அது ஏமாற்று. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் இருக்காது. ஆல்ட் விசையோடு எஃப்4 தட்டி அந்தச் சாளரத்தை மூடுங்கள். மூடவில்லையா, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓடும் நிரல்களின் பட்டியல் வரும், அதிலிருந்து நிறுத்தலாம். உறைந்துபோன எந்த நிரலுக்கும் இதே வழிதான். அதுவும் நடக்காதபோது மட்டும் பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். மற்ற நாளெல்லாம் ஸ்டார்ட் பொத்தான் வழியாக ஷட் டவுன்.

பிறகு தமிழ். இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அத்தைக்கு இதில்தான் ஆசை அதிகம். செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டி மொழி மாறலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது தமிழ்99. 1999இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நாலு தட்டல் போதும், நடுவில் வரும் புள்ளியைக் கணினியே வைத்துவிடும். பழைய தமிழ்த் தட்டச்சு கற்றவர்கள் அந்த விசையமைப்பையே தரும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், விரல் மாற வேண்டியதில்லை. அத்தைக்குத் தமிழ்99 படத்தை ஒரு தாளில் வரைந்து திரைக்குக் கீழே ஒட்டிக்கொடுத்தேன். தினம் அரை மணி நேரம் அடித்தார். மூன்று வாரத்தில் தன் தங்கைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, வருடத்தில் தொடங்கிப் பெயர் வைத்து, தன் கோப்புறையில் சேமித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.