வேற்றுலக அறிவுயிர்களை ஏன் இன்னும் காணவில்லை: விடையை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கும் முறை

1950ஆம் ஆண்டு, லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் மதிய உணவின்போது, அவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று வேற்றுலக அறிவுயிர்களைப் பற்றி இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி கேட்டார். அவர்கள் ஒளிந்திருக்கிறார்கள், தம்மைத் தாமே அழித்துக்கொண்டார்கள், நாமே முதலில் தோன்றியவர்கள் என்று அன்று முதல் எத்தனையோ விளக்கங்கள் சொல்லப்பட்டுவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை, நாம் உண்மையில் எவ்வளவு தேடியிருக்கிறோம் என்ற கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. வகுப்பில் இதைப் பேசப்போகும் ஆசிரியருக்கும், தானாக யோசித்துப் பார்க்க விரும்பும் மாணவருக்கும், தேடலின் அளவை முதலில் அறிந்துகொண்டு பிறகு விளக்கத்திற்குச் செல்வதே நேரான வழி என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கு ஒரு தாளும் ஒரு கணிப்பானும் போதும்.

முதலில் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இங்கே வரவில்லை என்பது ஒன்று. அவர்களுடைய சமிக்ஞை நமக்குக் கேட்கவில்லை என்பது மற்றொன்று. முன்னதை 1975இல் வானியற்பியலாளர் மைக்கேல் ஹார்ட் வலுவாக முன்வைத்தார். ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் சென்றாலும், ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள பால்வீதியைக் கடக்க 10 கோடி ஆண்டுகள் போதும். பால்வீதியின் வயதோ 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், யாரோ ஒருவர் விண்மீன்களிடையே பரவ விரும்பி, கோடிக்கணக்கான ஆண்டுகள் அதை விடாமல் செய்திருப்பார் என்ற அனுமானத்தின்மீதுதான் அது நிற்கிறது என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கேட்கவில்லை என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒரு தேடலில் எதுவும் கிடைக்கவில்லை என்று படித்தால், எந்தத் திசையில், எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு நேரம் தேடினார்கள், எவ்வளவு வலுவான சமிக்ஞையாக இருந்தால் கருவியில் அகப்பட்டிருக்கும் என்ற நான்கையும் எழுதுங்கள். 1960இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க்கில் நடத்திய ஓஸ்மா திட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 26 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டே விண்மீன்களை நோக்கித் திருப்பி, ஹைட்ரஜன் அணு இயல்பாக வெளியிடும் 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்களில் சில மாதங்கள் விட்டுவிட்டுக் கேட்டார்கள். அங்கே யாரும் இல்லை என்பதற்கு இது சான்றாகாது. அந்த நேரத்தில், அந்த அதிர்வெண்ணில், நம்மை நோக்கி வலுவான அலை எதுவும் வரவில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

நான்கில் பலரும் மறந்துவிடுவது சமிக்ஞையின் வலிமையைத்தான். நம்முடைய தொலைக்காட்சி ஒளிபரப்பைப் போன்ற ஒன்று மிக அருகிலுள்ள விண்மீனிலிருந்து வந்தால்கூட, நம்மிடம் இன்றுள்ள கருவிகளால் அதைப் பிரித்தறிய முடியாது. புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் இருந்த ரேடாரைப் போன்ற ஆற்றல்மிக்க கற்றை நேராக நம்மை நோக்கித் திரும்பியிருந்தால்தான் அது தெரியவரும். இத்தகைய அளவுகளை எல்லாம் சேர்த்து, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேசன் ரைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தேட வேண்டியதைப் பூமியின் கடல்நீர் முழுவதும் என்று வைத்துக்கொண்டால், அதுவரை தேடியது ஏறத்தாழ 7,700 லிட்டர். வேற்றுலகச் சமிக்ஞைகளைத் தேட 2015இல் தொடங்கிய பிரேக்த்ரூ லிசன் போன்ற திட்டங்கள் இந்த அளவைக் கூட்டிக்கொண்டே வருகின்றன. ஆயினும், கடல் முழுவதையும் துழாவிவிட்டோம் என்று சொல்லும் நிலைக்கு நாம் அருகில்கூட வரவில்லை.

இப்போது கணக்கிற்கு வருவோம். பால்வீதியில் சமிக்ஞை அனுப்பும் நாகரிகங்கள் எத்தனை இருக்கும் என்று மதிப்பிட 1961இல் டிரேக் எழுதிய சமன்பாட்டில் ஏழு காரணிகள் உள்ளன: ஆண்டுதோறும் பிறக்கும் விண்மீன்களின் எண்ணிக்கை, அவற்றில் கோள்கள் உடையவற்றின் பங்கு, உயிர் வாழத்தக்க கோள்கள், உயிர் தோன்றும் வாய்ப்பு, அறிவு வளரும் வாய்ப்பு, சமிக்ஞை அனுப்பும் திறன் பெறும் வாய்ப்பு, கடைசியாக, அந்த நாகரிகம் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும் காலம். முதல் ஆறையும் பெருக்கினால் ஏறத்தாழ 1 வரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால், ஒரே காலத்தில் இருக்கும் நாகரிகங்களின் எண்ணிக்கை, அந்தக் காலத்தின் ஆண்டுக் கணக்கிற்குச் சமமாகிவிடும். நாகரிகங்கள் 100 ஆண்டுகளே சமிக்ஞை அனுப்பினால், எந்நேரமும் பால்வீதியில் 100 நாகரிகங்கள் இருக்கும். 50,000 ஒளியாண்டு ஆரமுள்ள வட்டின் பரப்பு சுமார் 785 கோடி சதுர ஒளியாண்டு. அதை 100ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அடுத்தடுத்த நாகரிகங்களுக்கு இடையிலான இடைவெளி ஏறத்தாழ 8,900 ஒளியாண்டு. செய்தி வந்து சேரும்போது, அனுப்பியவர்கள் மறைந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கும். காலத்தை 10,000 ஆண்டாக உயர்த்தினால் இடைவெளி சுமார் 900 ஒளியாண்டாகக் குறைகிறது. அப்போதும் ஒரு கேள்விக்குப் பதில் பெற 1,800 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பால்வீதி நாகரிகங்கள் நிறைந்ததாக இருந்தும் நமக்கு எதுவும் கேட்காமல் போக இதுவே போதுமான காரணமாகலாம்.

ஆயினும் அந்த 1 என்ற எண்ணை நம்பிவிடாதீர்கள். விண்மீன்களையும் கோள்களையும் பற்றிய காரணிகள் இன்று ஓரளவு தெளிவாகிவிட்டன. உயிர், அறிவு பற்றியவற்றுக்கோ பூமி என்ற ஒரே ஓர் எடுத்துக்காட்டுதான் உள்ளது. இங்கே உயிர் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்பதால் அது எங்கும் எளிதில் தோன்றும் என்று சொல்ல முடியாது. தோன்றியிராவிட்டால் கேள்வி கேட்க நாமே இருந்திருக்க மாட்டோம். ஆகவே ஒவ்வொரு காரணிக்கும் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக மிகக் குறைந்த மதிப்பு ஒன்றும் மிக உயர்ந்த மதிப்பு ஒன்றும் கொடுத்து இருமுறை கணக்கிடுங்கள். 2018இல் ஆண்டர்ஸ் சாண்ட்பர்க், எரிக் டிரெக்ஸ்லர், டோபி ஆர்ட் ஆகிய ஆய்வாளர்கள் இத்தகைய வீச்சுகளோடு கணக்கிட்டபோது, பால்வீதியில் நாம் மட்டுமே இருப்பதற்கான வாய்ப்பு புறக்கணிக்க முடியாத அளவு பெரியது என்ற முடிவே கிடைத்தது.

சமிக்ஞை கிடைத்துவிட்டது என்ற செய்திகளையும் இதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, 4.2 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள புராக்சிமா சென்டாரியை நோக்கியிருந்தபோது, 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு குறுகிய சமிக்ஞை பதிவானது. தொலைநோக்கியை அந்த விண்மீனிலிருந்து விலக்கியபோது அது மறைந்ததால் எதிர்பார்ப்பு மிகுந்தது. ஆனால் அதே பதிவுகளில், அதே சாயலுள்ள சமிக்ஞைகள் வேறு அதிர்வெண்களிலும் காணப்பட்டன. அவை பூமியில் உள்ள மின்னணுக் கருவிகளின் அதிர்வுகள் ஒன்றோடொன்று கலந்ததால் உண்டான குறுக்கீடு என்று 2021இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே, விலக்கினால் மறைகிறதா, வேறு அதிர்வெண்ணில் தோன்றுகிறதா, வேறொரு தொலைநோக்கியில் மீண்டும் கேட்டதா என்று மூன்றையும் கேளுங்கள். 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹியோவின் பிக் இயர் தொலைநோக்கியில் 72 விநாடிகள் பதிவான புகழ்பெற்ற "வாவ்" சமிக்ஞை, பலமுறை தேடியும் மீண்டும் கேட்கவில்லை. அதைக் கண்டுபிடிப்பு என்றும் எழுதாமல், பொய் என்றும் எழுதாமல், உறுதிப்படாதவை என்ற தனிப் பத்தியில் சேர்த்துவையுங்கள்.