படிக்கும்போதே முதல் இணையதள வேலையைப் பிடிப்பது எப்படி?

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஓரளவு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். வகுப்புக்காக ஒன்றிரண்டு தளங்கள் செய்தாயிற்று. அடுத்து என்ன? பெரும்பாலான மாணவர்கள் ஃப்ரீலான்ஸ் தளம் ஒன்றில் கணக்குத் திறந்து, கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பி, பதிலே வராமல் சோர்ந்துபோகிறார்கள். அவர்களில் பலருக்கு வேலை நன்றாகவே தெரியும். ஆனால் எல்லோரும் எழுதுவது ஒரே வாக்கியத்தைத்தான்: "எனக்கு இன்னின்ன மொழிகள் தெரியும், வேலை இருந்தால் கொடுங்கள்."

இணையதளம் வைத்திருப்பவருக்கு இந்த வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. தன் தளத்தில் கோளாறு எங்கே, அதைச் சரிசெய்ய எத்தனை நாளாகும் என்று சொல்பவரை அவர் கவனிப்பார். முன் அனுபவம் இல்லாத மாணவருக்கு நான் நம்பிச் சொல்லக்கூடிய வழி இது ஒன்றுதான். கீழே உள்ள படிகள் எல்லாம் இதை ஒட்டியே வருகின்றன.

படி 1: எதைச் செய்து தருவீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

"எல்லாவிதமான இணையதளங்களும் செய்து தரப்படும்" என்று எழுதாதீர்கள். தேர்வு, செய்முறை வகுப்பு, ஒப்படைப்பு எல்லாவற்றுக்கும் நடுவே உங்களால் முடித்துத் தரக்கூடிய வேலை எது என்று பாருங்கள். நான்கைந்து பக்கங்கள் கொண்ட சிறு நிறுவனத் தளம், கைபேசியில் சரியாகத் தெரியாத தளத்தைச் சீரமைப்பது, மெதுவாகத் திறக்கும் தளத்தை வேகப்படுத்துவது, வேர்ட்பிரஸ் தளத்தைப் பராமரிப்பது: இவை நான்கும் தொடக்கத்துக்கு ஏற்றவை. வேர்ட்பிரஸ் பிடிக்காது என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2003-இல் வெளியான அந்த மென்பொருளில்தான் இன்று உலக இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இயங்குகின்றன. பழுது பார்க்கும் வேலை அங்கே தீர்வதே இல்லை.

பணப் பரிமாற்றம் நடக்கும் கடைத்தளம், நோயாளிகளின் விவரங்களைச் சேமிக்கும் தளம் போன்றவற்றை முதல் ஆண்டில் தொடாதீர்கள். அங்கே நடக்கும் ஒரு தவறு அடுத்தவரின் பணத்தையோ அந்தரங்கத்தையோ பாதிக்கும்.

படி 2: காட்டுவதற்கு இரண்டு மூன்று தளங்கள்

கால்குலேட்டர், வானிலைச் செயலி, செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் ஆகியவை கற்றுக்கொள்ள நல்லவை. வாடிக்கையாளருக்குக் காட்ட அவை உதவாது, ஏனென்றால் தன்னுடைய தொழில் அவற்றில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக ஓவிய வகுப்பு, பல் மருத்துவமனை, புகைப்படக் கலைஞர் என மூன்று தொழில்களுக்கு மாதிரித் தளம் செய்யுங்கள். இடத்தை நிரப்பும் பொருளற்ற எழுத்துகளைப் போடாமல் உண்மையான வாசகங்களை நீங்களே எழுதுங்கள். வகுப்பு நேரம், கட்டணம், வந்துசேரும் வழி, அழைக்கவேண்டிய எண் ஆகியவற்றை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதுதான் அந்தத் தொழில் உங்களுக்குப் புரியத் தொடங்கும். இவை மாதிரிகள் என்பதைப் பக்கத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை போன்றவற்றில் இத்தளங்களை இலவசமாகவே வெளியிடலாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், மாணவர்களுக்கென்று தரும் இலவசத் தொகுப்பையும் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். அதில் உள்ள சலுகைகள் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இலவசமாக யாருக்காவது செய்து தரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே ஒரு முறை செய்யலாம் என்பது என் கருத்து. கல்லூரி மன்றம், தன்னார்வ அமைப்பு போன்ற ஒன்றுக்கு, இத்தனை பக்கம், இந்தத் தேதிக்குள் என்று எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள். தளத்தை மற்றவர்களுக்குக் காட்ட அனுமதியும் நான்கு வரிப் பரிந்துரையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வேலைக்குக் கட்டணம் உண்டு.

படி 3: அருகில் இருப்பவர்களிலிருந்து தொடங்குங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்களை முகம் பார்த்து அறிந்தவர்களில் சொந்தத் தொழிலோ அமைப்போ நடத்துபவர்களின் பெயர்களை எழுதுங்கள். உறவினர்கள், தனிப்பயிற்சி நடத்தும் ஆசிரியர்கள், நண்பர்களின் பெற்றோர் என்று பட்டியல் நீளும். பலர் தவறவிடும் ஓர் இடம் உங்கள் கல்லூரியே. பேராசிரியர்களின் ஆய்வுக்குழுப் பக்கங்கள் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். கருத்தரங்கு நடத்தும் துறைக்கு ஒவ்வொரு முறையும் பதிவுப் பக்கம் ஒன்று தேவைப்படும்.

இன்னொரு வழி, ஏற்கெனவே இத்துறையில் இருப்பவர்கள். தனியாக வேலை செய்யும் வலை வடிவமைப்பாளர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கை நிறைய வேலை சேரும் காலம் உண்டு. வடிவத்தை அப்படியே சிஎஸ்எஸ்ஸில் கொண்டுவருவது, பழைய தளத்தின் கட்டுரைகளைப் புதிய தளத்துக்கு மாற்றுவது போன்ற பகுதிகளை வெளியே கொடுப்பார்கள். வாடிக்கையாளருடன் நேரடியாகப் பேசும் பொறுப்பு இல்லாமல், அனுபவசாலி ஒருவர் உங்கள் நிரலைத் திருத்திச் சொல்லும் வாய்ப்பு இது. சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம்.

படி 4: தளத்தைச் சோதித்துப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஓர் ஓவிய வகுப்பின் தளத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கைபேசியில் திறந்து, மகனை வகுப்பில் சேர்க்க வந்த பெற்றோராகப் பயன்படுத்துங்கள். வகுப்பு எந்த நாளில்? அட்டவணை திரைக்குள் அடங்குகிறதா, அல்லது சனி, ஞாயிறு பத்திகள் வலப்பக்கம் வெட்டுப்பட்டுப் போகின்றனவா? தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா? சில தளங்களில் எண் ஒரு படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும், அதைத் தொடவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது. எழுத்துகள் எறும்பளவு தெரிந்தால் வியூபோர்ட் மெட்டா டேக் (பக்கத்தைக் கைபேசித் திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் எச்டிஎம்எல் வரி) விடுபட்டிருக்கலாம்.

பிறகு கணினியில் குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளைத் திறங்கள். நெட்வொர்க் பகுதியில் கோப்புகளை அளவுவாரியாக வரிசைப்படுத்தினால் குற்றவாளி பெரும்பாலும் முதல் வரியிலேயே நிற்கும்: கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றிய, பல மெகாபைட் எடையுள்ள ஒரு படம். கைபேசித் திரையில் 400 பிக்சல் அகலத்தில் தெரியும் படத்துக்கு 6000 பிக்சல் கோப்பு எதற்கு? ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் அளவைக் குறைத்து வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றினால் எடை பல மடங்கு இறங்கிவிடும். அதை நீங்களே செய்து பார்த்து, முன்னும் பின்னும் உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே டெவலப்பர் கருவிகளில் உள்ள, தளத்தின் வேகத்தையும் தரத்தையும் அளக்கும் லைட்ஹவுஸ் சோதனையை ஓட்டுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல். பக்கம் திறக்கும்போது எழுத்தும் பொத்தானும் இடம்விட்டு இடம் குதிப்பதை அளக்கும் மதிப்பெண் 0.1-க்குள் இருக்க வேண்டும். சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வண்ண வேறுபாடு தேவை என்கின்றன, பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த உதவும் அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள். வெளிர்சாம்பல் எழுத்துள்ள தளங்கள் இதில் தோற்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் உலாவிக்கு வந்துசேருவதை மட்டும் பாருங்கள். அனுமதி இல்லாமல் கடவுச்சொல் பக்கங்களைச் சோதிப்பதும், பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கருவிகளை ஓட்டுவதும் பல நாடுகளில் குற்றம். நல்ல நோக்கத்தில் செய்தேன் என்ற விளக்கம் உங்களைக் காப்பாற்றாது.

படி 5: கடிதம் எழுதுங்கள்

கண்டுபிடித்த குறைகளில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்தையும் அடுக்கினால், தளத்தை உருவாக்கியவருக்கு மனம் நோகும். அது உரிமையாளரின் தம்பியாகவும் இருக்கலாம். கடிதம் இப்படி இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. உங்கள் ஓவிய வகுப்பின் தளத்தைக் கைபேசியில் பார்த்தேன். வகுப்பு அட்டவணையின் வலப்பக்கம் திரைக்கு வெளியே போய்விடுவதால் சனி, ஞாயிறு வகுப்புகள் தெரியவில்லை. முதல் பக்கப் படம் பெரிய கோப்பாக இருப்பதால் தளம் திறக்கத் தாமதமாகிறது. இரண்டையும் கீழே உள்ள படத்தில் காணலாம். இவற்றை மூன்று நாட்களில் என்னால் சரிசெய்து தர முடியும். இதேபோன்ற அட்டவணையுடன் நான் செய்த மாதிரிப் பக்கத்தின் முகவரியையும் தந்திருக்கிறேன். விருப்பமிருந்தால் அடுத்த வாரம் பத்து நிமிடம் பேசலாமா?"

இதில் வார இறுதி வகுப்புகள் தெரியவில்லை என்ற வரிதான் உயிர்நாடி. சிஎஸ்எஸ் என்றோ ரெஸ்பான்சிவ் என்றோ எழுதியிருந்தால் அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மாணவர் சேர்க்கை குறையும் என்பது உடனே விளங்கும். திரைப்பிடிப்பைத் தனிக் கோப்பாக இணைக்காமல் கடிதத்துக்குள்ளேயே ஒட்டுங்கள், முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்க யாரும் தயங்குவார்கள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி நூறு பேருக்கு அனுப்பாதீர்கள். வாரத்துக்கு ஐந்து தளங்களை உண்மையாகச் சோதித்து ஐந்து கடிதங்கள் எழுதுவது மேல்.

படி 6: ஃப்ரீலான்ஸ் தளங்கள்

அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. கையில் ஒன்றிரண்டு முடித்த வேலைகளும் பரிந்துரைகளும் சேர்ந்த பிறகு அங்கே போவது நல்லது என்கிறேன். இலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு நிறுவனங்கள் இணைந்து 2015-இல் அப்வொர்க் என்று பெயர் மாறின. அங்கே வேலைகளுக்கு விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் எனப்படும் புள்ளிகள் செலவாகும், ஆகவே கண்மூடித்தனமாக விண்ணப்பித்தால் பணம் கரையும். கணக்குத் திறக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2010-இல் தொடங்கிய ஃபைவரில் நீங்கள் சேவையைக் காட்சிக்கு வைக்கிறீர்கள், வாங்குபவர் தேடி வருவார். உங்கள் வருமானத்தில் 20 விழுக்காட்டை அந்தத் தளம் எடுத்துக்கொள்ளும். விலை சொல்லும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"வேர்ட்பிரஸ் தளத்தின் அட்டவணையைக் கைபேசிக்கு ஏற்றபடி மாற்றித் தருவேன்" என்பதுபோல் குறுகிய சேவையாக வையுங்கள். படி 5-இல் உள்ள அதே முறையில், வேலை கொடுப்பவரின் தளத்தைப் பார்த்துவிட்டு முதல் இரண்டு வரியிலேயே கண்டதைச் சொல்லுங்கள்.

படி 7: விலையும் ஒரு பக்க ஒப்பந்தமும்

அடுத்தவர் வாங்கும் தொகையைக் கேட்டு விலை வைக்காமல் மணிக்கணக்கில் யோசியுங்கள். நிரல் எழுதும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். வாசகங்களைக் கேட்டு வாங்குவது, படங்களைச் சீராக்குவது, பேசுவது, திருத்துவது, பழைய ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவை) கடவுச்சொல்லைத் தேடுவது எல்லாம் நேரத்தை விழுங்கும். மொத்த மணிநேரத்தை மதிப்பிட்டு, அதை ஒன்றரை மடங்காக்கி, உங்கள் மணிநேரக் கட்டணத்தால் பெருக்குங்கள்.

பேச்சு முடிந்ததும் ஒரே பக்கத்தில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், வாசகங்களையும் படங்களையும் அவர் எந்தத் தேதிக்குள் தர வேண்டும், பாதித் தொகை முன்பணம், மீதி எப்போது என்பவை அதில் இருக்க வேண்டும். உங்கள் தேர்வு நாட்களையும் அதிலேயே குறிப்பிடுங்கள். மாணவர் என்று தெரிந்துதான் வேலை தருகிறார், முன்கூட்டியே சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) ஹோஸ்டிங் கணக்கும் வாடிக்கையாளரின் பெயரிலேயே, அவருடைய மின்னஞ்சலிலேயே பதிவாக வேண்டும். உங்கள் பெயரில் இருந்தால், நீங்கள் படிப்பு முடிந்து எங்கோ போனபின் புதுப்பிக்கும் நினைவூட்டல் உங்களுக்கே வரும். நீங்கள் கவனிக்காத ஒருநாள் அவருடைய தளம் காணாமல் போயிருக்கும்.

படி 8: மோசடிகள்

வேலை தருவதற்கு உங்களிடம் பதிவுக் கட்டணமோ பயிற்சிக் கட்டணமோ கேட்பவர் வேலை தருபவர் அல்ல. கூடுதலாகப் பணம் அனுப்பிவிட்டேன், மீதியை இன்னொருவருக்கு அனுப்புங்கள் என்று கேட்டால் விலகுங்கள். முதலில் வந்த தொகை பின்னர் செல்லாமல் போகும், நீங்கள் அனுப்பியது போனதுதான். ஃப்ரீலான்ஸ் தளத்தில் அறிமுகமாகி, கட்டணத்தை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்பவரிடமும் எச்சரிக்கை தேவை. அது தளத்தின் விதிகளுக்கு முரணானது, பாதுகாப்பும் போய்விடும்.

நிரலாளர்களைக் குறிவைக்கும் ஒரு முறையைப் பலர் அறிவதில்லை. நேர்முகத் தேர்வு என்ற பெயரில் ஒரு கிட்ஹப் களஞ்சியத்தைக் கொடுத்து, "இதை நிறுவி இயக்கி, பிழையைக் கண்டுபிடியுங்கள்" என்பார்கள். என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்குத் தேவையான நிரல்களை இறக்கி நிறுவும் கருவி) நிறுவல் கட்டளையை இட்ட அந்த நொடியிலேயே, திட்டத்தின் விவரங்களைக் கொண்ட பேக்கேஜ் ஜேசன் கோப்பில் ஒளிந்திருக்கும் போஸ்ட் இன்ஸ்டால் வரி, அதாவது நிறுவியதும் இயங்க வேண்டிய கட்டளை, தானாக ஓடி, சேமித்த கடவுச்சொற்களைத் திருடிவிடக்கூடும். நிறுவுவதற்கு முன் அந்தக் கோப்பின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியைப் படியுங்கள். ஆனால் தீய நிரல் வேறு கோப்புகளிலும் இருக்கலாம், ஆகவே அந்நியரின் நிரலை கிட்ஹப் கோட்ஸ்பேஸஸ் போன்ற, உங்கள் கணினிக்கு வெளியே இணையத்தில் இயங்கும் தனிச் சூழலில் மட்டும் இயக்குங்கள்.

வெளிநாட்டில் படிப்பவர்கள் வேலையை ஏற்கும் முன் விசா நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, பிரிட்டனின் மாணவர் விசா சுயதொழிலை அனுமதிப்பதில்லை. வருமான வரி விதிகளையும் அந்தந்த நாட்டுக்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த தொகை, தேதி, யாரிடமிருந்து என்று ஒரு விரிதாளில் முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.

படி 9: ஒப்படைப்பும் அடுத்த வேலையும்

தளத்தை ஒப்படைக்கும் நாளில் கடவுச்சொற்களை அவரே மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். முழுத் தளத்தின் காப்புநகல் ஒன்றைக் கொடுங்கள். வகுப்பு நேரத்தை அவரே மாற்றுவது எப்படி என்று ஐந்து நிமிடத் திரைப்பதிவு எடுத்து அனுப்புங்கள், சிறிய திருத்தத்துக்கெல்லாம் உங்கள் தேர்வு வாரத்தில் அழைப்பு வருவது பெருமளவு குறையும்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தளத்தை மீண்டும் கைபேசியில் திறந்து, தொடர்புப் படிவத்தில் சோதனைச் செய்தி ஒன்றை அனுப்புங்கள். வந்ததா என்று அவரிடம் கேளுங்கள். வந்திருந்தால், இரண்டு வரிப் பரிந்துரையும், இதேபோல் தளம் தேவைப்படும் தெரிந்தவர் ஒருவரின் அறிமுகமும் கேட்பதற்கு அதுதான் சரியான நேரம். வரவில்லையென்றால், வேறு எதுவும் கேட்காமல் அன்றைக்கே சரிசெய்து கொடுங்கள்.