வென்டிலேட்டர் திரையைப் புரிந்துகொள்வது எப்படி?

ஐசியூவில் ஒருவருக்கு வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள் என்றதும் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மெஷின் நோயைக் குணமாக்காது, நுரையீரல் தேறி வரும்வரை மூச்சு விடும் வேலையைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் உயிரைக் காப்பாற்ற அந்த அவகாசம் மிக முக்கியம்.

படி 1: காற்று போகும் வழியைப் பாருங்கள். நாமாக மூச்சு விடும்போது உதரவிதானம் இறங்கி, காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வென்டிலேட்டர் இழுக்காது, தள்ளும். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் போகும் டியூபின் நுனிக்கு அருகே ஒரு சின்ன பலூன் ஊதப்பட்டிருக்கும், காற்று கசியாமல் இருக்க. அந்த டியூப் குரல் நாண்களின் நடுவே போவதால்தான் நோயாளியால் பேச முடிவதில்லை. நாம் சொல்வது அவருக்குக் கேட்கலாம், அதனால் பேசுங்கள்.

படி 2: நான்கு எண்களைத் தேடுங்கள். ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. இரண்டாவது, ஒரு மூச்சுக்கு எத்தனை மில்லி காற்று. இதை நோயாளியின் இப்போதைய எடையை வைத்து அல்ல, உயரத்தையும் பாலினத்தையும் வைத்துக் கணக்கிடுவார்கள், ஏனென்றால் உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. 170 செ.மீ. உயர ஆணுக்குக் கணக்கு எடை சுமார் 66 கிலோ, கிலோவுக்கு 6 மில்லி என்றால் ஏறக்குறைய 400 மில்லி. அதிகமாகத் தள்ளினால் நுரையீரலே புண்படும். மூன்றாவது ஆக்சிஜன் சதவீதம்: சாதாரணக் காற்றில் 21, மெஷினில் 100 வரை ஏற்றலாம். நான்காவது பீப் (திரையில் PEEP), அதாவது மூச்சை வெளியே விட்ட பிறகும் உள்ளே மிச்சம் வைக்கும் அழுத்தம். இது பெரும்பாலும் 5-இல் தொடங்கும். முழுக்கச் சுருங்கிய பலூனை ஊதும்போது முதல் ஊதல்தான் கஷ்டம் இல்லையா, காற்று நுண்ணறைகள் அப்படி மூடிப்போகாமல் பார்த்துக்கொள்வது பீப்.

படி 3: மூச்சைத் தொடங்குவது யார்? மெஷினே எல்லா மூச்சையும் கொடுக்கலாம், அல்லது நோயாளி தொடங்கும் மூச்சுக்குக் கை கொடுக்கலாம். இரண்டாவது நிலைக்கு வந்திருந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி.

படி 4: அலாரம். அழுத்தம் கூடினால் சளி அடைப்பு, இருமல், டியூபைக் கடிப்பது, குழாய் மடங்குவது என்று காரணங்கள் பல. அழுத்தம் குறைந்தால் எங்கோ இணைப்பு கழன்றிருக்கலாம். எதுவானாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள், பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.

படி 5: மெஷினிலிருந்து விடுவிப்பது. காரணமான நோய் தணிந்து, ஆக்சிஜன் தேவையும் பீப்பும் குறைந்ததும், மயக்க மருந்தைக் குறைத்து, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை மிகக் குறைந்த உதவியோடு மூச்சு விட வைத்துப் பார்ப்பார்கள். தாங்கவில்லை என்றால் மறுபடி மெஷின் உதவி, அடுத்த நாள் மறுபடி முயற்சி; இது சகஜம். அதனால் மருத்துவரைப் பார்க்கும்போது "எப்படி இருக்கிறார்?" என்பதோடு நிறுத்தாமல், "நேற்றைவிட ஆக்சிஜன் சதவீதமும் பீப்பும் குறைந்திருக்கிறதா, அவராக மூச்சைத் தொடங்குகிறாரா?" என்றும் கேளுங்கள்.